ஸ்டோன்: உப்புக்காக மதில் கட்டிய ஊர்

"டுப்ரோவ்னிக், ஸ்பிளிட் என்று எல்லோரும் போகிற இடங்களை விட்டுவிட்டு, குரோவேஷியாவின் ஒரு சின்ன ஊராட்சியைப் பற்றி, அதன் நிலத்தையும் வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. ஸ்டோன் தான்.

டுப்ரோவ்னிக்கில் தங்கியிருந்தபோது ஒரே ஒரு நாள் போய்வரலாம் என்று கிளம்பினேன். வடமேற்கே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மதிலைப் பார்க்கத்தான் போனேன். திரும்பியபிறகு அந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலம். அட்ரியாடிக் கரையில் பெல்யெஷாட்ஸ் என்று ஒரு தீபகற்பம் கரையை ஒட்டினாற்போலவே நீளமாகக் கிடக்கிறது. 60 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், அகலம் மிகக் குறைவு. கடலுக்குள் படுத்திருக்கும் ஒரு மலைத்தொடர் என்றே சொல்லலாம். அது பெருநிலத்தோடு சேரும் இடத்தில் நிலம் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லாமல் ஒடுங்கிவிடுகிறது. இந்த இடுக்கின் தென்பக்கம் ஸ்டோன், வடபக்கம் மாலி ஸ்டோன். 'மாலி' என்றால் சிறிய. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மலை, இரண்டு பக்கமும் வேறு வேறு கடல். தெற்கே ஆழமில்லாத, அலையடங்கிய ஒரு நீண்ட கால்வாய்போலக் கடல் உள்ளே வந்து முடிகிறது. வடக்கே மாலி ஸ்டோன் விரிகுடா. அதன் வாயருகே நெரெத்வா ஆறு வந்து கலக்கிறது.

இந்த இரண்டு ஊரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்துத்தான் ஸ்டோன் ஊராட்சி. ப்ரோட்சே, ஹோடில்யே, ப்ரியெஸ்தா, ஜூல்யானா, பெருநிலத்துப் பக்கம் இருக்கும் ஸாட்டோன் டோலி என்று பல சிற்றூர்கள் இதில் அடக்கம். 2011 கணக்கெடுப்பில் எல்லாம் சேர்த்தே 2,400 பேர் சொச்சம்தான். ஆனால் அந்த மண்ணில் நடந்ததைப் பார்த்தால், ஒரு பெரிய நாட்டுக்குப் போதுமான வரலாறு இருக்கிறது.

காரணம் தென்பக்கத்து ஆழமில்லாத கடல். ரோமானியர் இந்த இடத்தை ஸ்டாக்னும் என்றார்கள், அதாவது தேங்கிய நீர். ஸ்டோன் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். நீர் தேங்கும், வெயில் அடிக்கும், காற்று வீசும் என்றால் என்ன விளையும்? உப்பு.

குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் உப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் மறந்துவிட்டோம். இறைச்சி, மீன், பாலாடைக்கட்டி, தோல் எதுவும் உப்பில்லாமல் நிற்காது. உள்ளே பொஸ்னியா மலைநாட்டில் ஆடும் மாடும் ஏராளம், கடல் உப்புக்கோ கரையைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த உப்பை யார் விற்கிறார்களோ அவர்கள் கையில்தான் வியாபாரம். டுப்ரோவ்னிக் நகர அரசு இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது.

1333இல் அவர்கள் செய்த காரியம் எனக்கு இன்றும் வியப்பு. படையெடுக்கவில்லை, ஸ்டோனையும் தீபகற்பத்தையும் விலைக்கு வாங்கினார்கள். அந்த நிலத்துக்கு உரிமை கொண்டாடியவர்கள் இரண்டு பேர்: செர்பிய அரசர் ஸ்டெஃபான் டூஷான், பொஸ்னியாவின் ஆட்சியாளர் ஸ்டெஃபான் கொட்ரொமானிச். நாளைக்கு ஒருவர் வந்து கேட்டால் தகராறு வரும் என்று இரண்டு பேருக்கும் பணம் கொடுத்தார்கள். டூஷானுக்கு 8,000 பெர்பெர் (அந்தக் காலப் பணக் கணக்கு) முன்பணம், அது போக ஆண்டுதோறும் 500 பெர்பெர். பிற்பாடு டூஷான் அந்த ஆண்டுத் தொகையை ஜெருசலேமில் இருந்த ஒரு மடத்துக்கு எழுதிவைத்தார். அட்ரியாடிக் ஓரத்து உப்பு நிலத்துக்கான பணம் ஜெருசலேம் துறவிகளுக்குச் சோறு போட்டது என்று படித்தபோது, கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே உட்கார்ந்திருந்தேன்.

வாங்கிய கையோடு மதில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இடுக்கின் ஒரு கடலிலிருந்து மறு கடல்வரை மலை மேலேறி இறங்கும் கல்மதில். முழுதாக நின்ற காலத்தில் 7 கிலோமீட்டருக்கும் மேல், இப்போது மிஞ்சியிருப்பது சுமார் ஐந்தரை கிலோமீட்டர். 40 கோபுரங்கள், 5 கோட்டைகள். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கட்டியது. தீபகற்பத்தின் வாசலுக்குப் போட்ட பூட்டு இது. உள்ளே ஸ்டோனில் உப்பளம், மாலி ஸ்டோனில் உப்புக் கிடங்கு. விளைந்த உப்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய், கிடங்கில் ஏறி, கப்பலில் நெரெத்வா ஆற்றுச் சந்தைக்குப் போய், அங்கிருந்து பொதி சுமக்கும் குதிரைகளில் பொஸ்னியாவுக்குள் போனது. தெருக்களையும் கோடு போட்டாற்போல் நேராகத் திட்டமிட்டு அமைத்தார்கள். இன்றும் ஸ்டோனுக்குள் நடந்தால் வழி தவறாது.

இதில் வருத்தப்பட வேண்டிய பக்கமும் இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. வாங்கிய நிலத்தை டுப்ரோவ்னிக் அரசு தன் பிரபுக்களுக்கும் குடிமக்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தது. அதில் ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்களுக்குக் கட்டுப்பட்ட குடியானவர்கள் ஆனார்கள். உப்பு வாருவதும் மதில் கட்டுவதும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. மதிலைப் பார்த்து வாய்பிளக்கும்போது அந்தக் கைகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

டுப்ரோவ்னிக்குக்கு முன்னால் இங்கே எதுவும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு மேலே ஒரு குன்றில் புனித மிக்கேல் ஆலயம் இருக்கிறது. மிகச் சின்னக் கட்டடம். உள்ளே 11ஆம் நூற்றாண்டுச் சுவரோவியத்தில், தலையில் கிரீடம் வைத்த ஓர் அரசர் கையில் அந்தக் கோயிலையே பொம்மைபோல ஏந்தி நிற்கிறார், இதை நான் கட்டிக் காணிக்கை கொடுக்கிறேன் என்பதுபோல. இன்றைய மான்டினீக்ரோ பக்கம் இருந்த டுக்லியா என்ற பழைய நாட்டின் மிஹாய்லோ அரசர் அவர் என்று கருதுகிறார்கள். வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. இருந்தும் ஆள் யார் என்று கேட்க வைக்கிறது முகம்.

சரி, உப்பளத்துக்கு வருகிறேன். நான் போனதில் அதிக நேரம் நின்றது அங்கேதான். மதிலைப் பார்த்துவிட்டுப் பலரும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறார்கள், சாலையைத் தாண்டி எதிரே இருக்கும் உப்பளத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவில் இன்னும் வேலை நடக்கிற மிகப் பழைய உப்பளங்களில் இது ஒன்று. மொத்தம் 58 பாத்திகள். கடல்நீரை முதல் பாத்திகளில் விடுகிறார்கள். வெயிலும் காற்றும் குடித்தது போக மிச்சத்தை அடுத்த வரிசைக்குத் திறந்துவிடுகிறார்கள். இப்படிப் பாத்தி மாறி மாறி நீர் கெட்டிப்பட்டு, கடைசியில் உப்பு உறையும் பாத்திகளுக்கு வருகிறது. அந்தக் கடைசிப் பாத்திகள் ஒன்பது. எட்டுக்குப் புனிதர்களின் பெயர். ஒன்பதாவதற்கு மட்டும் 'முண்டோ', உலகம் என்று பொருள். அதில் விளைவது ஊராருக்கு என்று சொல்வார்கள்.

முழங்காலுக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு பேர் மரப்பலகை வைத்த நீண்ட கோலால் உப்பை இழுத்து ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அலறல் இல்லை, இயந்திரச் சத்தம் இல்லை, பலகை கல்தளத்தில் உராயும் சரசரப்பு மட்டும். ஓரத்தில் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஈரத்தோடு, கொஞ்சம் கசப்போடு, கடைசியில் சுரீரென்று ஏறியது. குவித்த உப்பைத் தண்டவாளத்தில் ஓடும் சின்னத் தள்ளுவண்டியில் கிடங்குக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்துவிடும். எத்தனையோ நூற்றாண்டாக அந்த ஊர்க்காரர்கள் ஏன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அங்கே நின்றால் புரியும்.

அப்புறம் மதில் ஏறினேன். ஸ்டோனிலிருந்து மாலி ஸ்டோன் வரைக்கும் மதில் மேலேயே நடந்து போகலாம். படிகள் செங்குத்து, நிழலே கிடையாது, தண்ணீர் இல்லாமல் ஏறாதீர்கள். மூச்சு வாங்க நின்று திரும்பியபோது, தெற்கே பாத்திகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில், பச்சை, சாம்பல், வெள்ளை என்று சதுரம் சதுரமாகத் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் ஏறினால் வடக்கே மற்றக் கடல், அதில் வரிசை வரிசையாகக் கறுப்பு மிதவைகள். அந்த மிதவைகளுக்குக் கீழேதான் ஊரின் இன்னொரு செல்வம் தொங்குகிறது.

மாலி ஸ்டோன் விரிகுடாவில் ஆற்று நீரும், கடலடியில் பாறை இடுக்குகளிலிருந்து பொங்கும் நன்னீர் ஊற்றுகளும் உப்புநீரோடு கலக்கின்றன. சிப்பிக்கு அது அருமையான இடம். இங்கே வளர்ப்பது ஐரோப்பாவுக்கே உரிய தட்டைச் சிப்பி. பிரான்ஸ் முதலான இடங்களில் நோய் தாக்கி அந்த இனம் பெரும்பாலும் போய், பசிபிக் சிப்பி வந்துவிட்டது. இங்கே இன்னும் பழைய இனம்தான். குஞ்சுச் சிப்பிகளைப் பிடித்து, வளர்ந்ததும் சிமெண்ட் வைத்துக் கயிற்றில் இரண்டிரண்டாக ஒட்டிக் கடலில் தொங்கவிடுகிறார்கள். சாப்பிடும் அளவுக்கு வளர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இதிலும் கவலைகள் உண்டு. ஓராடா என்ற மீன் வலுவான பல்லால் சிப்பியின் ஓட்டை நொறுக்கித் தின்றுவிடுகிறது, சில ஆண்டுகளாக அதனால் வளர்ப்பவர்களுக்குப் பெரிய சேதம். விரிகுடாவை 1983இல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்திருக்கிறார்கள்.

மதிலின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1808இல் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் டுப்ரோவ்னிக் குடியரசை முடித்துவைத்தார்கள், பின் ஆஸ்திரியா வந்தது. காவல் காக்க எதுவும் இல்லாத மதிலிலிருந்து கல்லைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்கு எடுத்துப்போனார்கள். காணாமல்போன நீளத்தில் ஒரு பங்கு அப்படிப் போனது. யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த 1991 போரில் சண்டை ஸ்டோனின் வாசல்வரை வந்தது. அதிலிருந்து மீள்வதற்குள், 1996 செப்டம்பர் 5 அன்று நிலநடுக்கம். பழைய ஊர் மோசமாகச் சிதைந்தது. மதிலையும் வீடுகளையும் சீர்செய்யப் பல ஆண்டுகள் ஆயின.

இனி இந்த ஊராட்சியின் சமீபத்திய பெரிய நிகழ்வு, பாலம். இதற்கும் பழைய வரலாறுதான் காரணம். டுப்ரோவ்னிக் அரசுக்குத் தன் கடல் வணிகப் போட்டியாளரான வெனிஸ் மீது அச்சம். நேரடி எல்லையே வேண்டாம் என்று, உதுமானியரோடு நடந்த போரை முடித்த 1699 கார்லோவிட்ஸ் உடன்படிக்கையின்போது நேயும் என்ற கடலோரத் துண்டை உதுமானியப் பேரரசுக்கு விட்டுக்கொடுத்தது. அந்தத் துண்டு கைமாறிக் கைமாறி இன்று பொஸ்னியாவுக்கு இருக்கும் ஒரே கடற்கரையாக, சுமார் 20 கிலோமீட்டராக நிற்கிறது. விளைவு, குரோவேஷியாவின் தென்கோடி மற்ற நாட்டிலிருந்து துண்டாகிப்போனது. பாலம் வரும்வரை, ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போக ஒருமுறை பொஸ்னியாவுக்குள் நுழைந்து, மறுபடி வெளியே வர வேண்டியிருந்தது. கோடையில் இரண்டு எல்லையிலும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன.

2022 ஜூலை 26 அன்று பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தார்கள். 2,404 மீட்டர் நீளம், கோமார்னாவிலிருந்து கடலைத் தாண்டி ஸ்டோன் ஊராட்சியின் ப்ரியெஸ்தா பக்கம் வந்து இறங்குகிறது. கட்டியது சீன நிறுவனம், செலவில் பெரும்பங்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம். நேயும் போகும் கப்பல்களுக்கு வழி இருக்க வேண்டும் என்பதால் அடியில் 55 மீட்டர் உயரம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். 300 ஆண்டுகளுக்கு முன் பயத்தில் கொடுத்த ஒரு துண்டு நிலத்தைச் சுற்றிப்போக, இந்தக் காலத்தில் கடலுக்கு மேலே சாலை போட வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் மதில் கட்டி மறித்த அதே தீபகற்பம் இப்போது நாட்டை இணைக்கும் வழி. ஸ்டோனுக்குள் வண்டிகள் நெரிக்காமல் இருக்க 2023இல் புறவழிச்சாலையும் வந்துவிட்டது.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. உப்பு வாருவதைப் பார்க்கக் கோடையில் போங்கள். சிப்பிக்கு மார்ச் மாதம், 19ஆம் தேதி புனித யோசேப்பு நாளையொட்டி மிக நன்றாக இருக்கும் என்கிறார்கள். சிப்பி பிடிக்காதவர்கள் ஸ்டோன் கேக்கைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே குழாய் மக்ரோனி, வால்நட், சர்க்கரை எல்லாம் வைத்து மாவில் மூடிச் சுட்டது. வெட்டினால் துண்டின் முகத்தில் மக்ரோனியின் ஓட்டைகள் வட்டம் வட்டமாகத் தெரியும். மக்ரோனியில் இனிப்பா என்று தயங்கித்தான் நானும் ஒரு துண்டு சொன்னேன். இன்னொன்றும் வாங்கிப் பஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே வந்தேன்.