ஜெர்மன் முதல் வகுப்பு: பந்து போதுமா, சீட்டு வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

பந்தை எறிந்து ‘இஹ் ஹைஸ..., வீ ஹைஸ்ட் டூ?’ (என் பெயர்..., உன் பெயர் என்ன?) என்று பெயர் கேட்கும் விளையாட்டை வைக்கிறேன். வகுப்பில் 20 பேர். ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் அரட்டையில் இறங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்? – கோவை வாசகி

பந்து எட்டு, பத்துப் பேருக்குத்தான் சரிப்படும். 20 பேரில் ஒருவர் பேசும்போது 19 பேர் சும்மா இருந்தால் அரட்டை வராமல் என்ன செய்யும்?

இரண்டு வட்டமாக நிறுத்துங்கள். உள்வட்டத்தில் பத்துப் பேர் வெளியே பார்த்தும், வெளிவட்டத்தில் பத்துப் பேர் உள்ளே பார்த்தும் நிற்கட்டும். எதிரெதிரே நிற்பவர்கள் வணக்கம் சொல்லி, பெயர், நாடு, ஊர் கேட்டு, விடைபெற வேண்டும். அதற்கு 40 விநாடி. கை தட்டியதும் வெளிவட்டம் மட்டும் ஓரடி வலப்பக்கம் நகரும். பத்துச் சுற்று முடிய எட்டு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் ஒவ்வொருவரும் பத்து முறை கேட்டு, பத்து முறை பதில் சொல்லியிருப்பார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். பெஞ்சை நகர்த்த முடியாத வகுப்பில் இரண்டு வரிசை போதும். கடைசி ஆள் முன்னால் வந்து நிற்க, மற்றவர்கள் ஓரிடம் தள்ளிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே பெயர் தெரிந்தவரிடம் பெயர் கேட்பதில் யாருக்கும் ஆர்வம் இருக்காது. அதனால் ஆளுக்கொரு சீட்டில் புதுப் பெயரும் ஊரும் கொடுங்கள்: லேனா – ஹம்பர்க், யூசுஃப் – கோல்ன். மூன்று சுற்றுக்கு ஒருமுறை சீட்டை மாற்றிக்கொள்ளட்டும். போர்டில் எழுதிய வாக்கியங்களையும் அப்படியே விட்டுவைக்காதீர்கள். மூன்றாம் சுற்றில் பாதியை அழியுங்கள், ஆறாம் சுற்றில் முழுவதையும். அழிக்காவிட்டால் எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் போர்டைத்தான் வாசிப்பார்கள்.

நடுவில் திருத்த வேண்டாம். காதில் விழும் பிழைகளைக் குறித்துக்கொண்டு கடைசியில் சொல்லுங்கள். ‘மைன் நாமெ ஹைஸ்ட்’ கட்டாயம் வரும். ‘மைன் நாமெ இஸ்ட்’ (என் பெயர்...) என்பதே சரி.

‘டூ’ (நீ), ‘ஸீ’ (நீங்கள்) இரண்டையும் விளையாட்டாகப் புரியவைக்க முடியுமா? – மதுரை வாசகர்

டாக்டர், கடைக்காரர், எட்டு வயதுச் சிறுவன், நண்பன், பாட்டி என்று எழுதிய அட்டைகளைச் சட்டையில் குத்திக்கொண்டு உலவவிடுங்கள். அட்டையைப் பார்த்ததுமே முடிவெடுக்க வேண்டும். ‘ஸீ’ என்றால் கைகுலுக்கி ‘கூட்டன் டாக்’ (பகல் வணக்கம்). ‘டூ’ என்றால் கையசைத்து ‘ஹலோ’.

பாட்டி அட்டையை விட்டுவிடாதீர்கள். நீ, நீங்கள் பழக்கத்தால் நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு சீக்கிரம் பிடிபடும். ஆனால் அதே பழக்கத்தில் பாட்டியிடமும் ‘ஸீ’ போட்டுவிடுவார்கள். ஜெர்மன் குடும்பத்தில் அப்பா, அம்மா, பாட்டி எல்லோருக்கும் ‘டூ’தான்.

‘ஹேர்’ (திரு), ‘ஃப்ராவ்’ (திருமதி) போட்டால் பின்னால் குடும்பப் பெயர் வர வேண்டும். இனிஷியல் மட்டும் உள்ளவர்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பதைச் சொல்லிப் பழகட்டும்.

இன்னொரு சறுக்கல்: ‘வீ ஹைசன் ஸீ?’ (உங்கள் பெயர் என்ன?) என்பதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்கும்போது ‘உன்ட் ஸீ?’ (நீங்கள்?) சரி. ‘வீ கேட் எஸ் ஈனன்?’ என்று நலம் விசாரித்தால் ‘உன்ட் ஈனன்?’ (உங்களுக்கு?) என்றே திருப்பிக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் குழம்பும்.

மாலை வகுப்பு முடிந்து கிளம்பும்போது ‘கூட்டே நாஹ்ட்’ (இரவு வணக்கம்) என்கிறார்கள். சரியா? – சேலம் வாசகி

இல்லை. அது தூங்கப் போகும்போது சொல்வது. கிளம்பும்போது ‘ச்சூஸ்’ அல்லது ‘அவ்ஃப் வீடர்சேன்’ போதும். அட்டைக் கடிகாரத்தில் முள்ளைத் திருப்பி, சட்டென்று வணக்கம் சொல்லவையுங்கள்: காலை 7 மணிக்கு ‘கூட்டன் மோர்கன்’, பிற்பகல் 3 மணிக்கு ‘கூட்டன் டாக்’, இரவு 7 மணிக்கு ‘கூட்டன் ஆபென்ட்’.

ஏ1 (தொடக்கநிலை) தேர்வில் அறிமுகம் நன்றாகச் சொல்லும் மாணவர்கள், பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னால் திணறுகிறார்கள். – திருச்சி வாசகர்

கொய்தே நிறுவனம் நடத்தும் ஏ1 வாய்மொழித் தேர்வின் முதல் பகுதியில் பெயர், வயது, நாடு, ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என 7 குறிப்புகளை வைத்து அறிமுகம் செய்துகொண்டதும் எழுத்துக்கூட்டவும் ஓர் எண்ணைச் சொல்லவும் கேட்பார்கள். ஆங்கில எழுத்துகளின் ஒலிதான் இங்கே காலை வாரும். ஆங்கிலத்தின் முதல் எழுத்து ஜெர்மனில் ‘ஆ’. ஐந்தாம் எழுத்து ‘ஏ’. ஒன்பதாம் எழுத்து ‘ஈ’. ‘ஏ’ என்று காதில் விழுந்ததும் கை தானாக முதல் எழுத்தை எழுதிவிடும்.

இருவரை முதுகோடு முதுகு உட்காரவைத்து, ஒருவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல மற்றவர் எழுதட்டும். லைப்ட்ஸிக் என்ற ஊர்ப்பெயர் இதற்குத் தோது. ‘ஏ’யும் ‘ஈ’யும் அடுத்தடுத்து வரும்.

எண்ணுக்கு ஒன்பது கட்ட பிங்கோ (சொல்லும் எண் தன் கட்டத்தில் இருந்தால் அடிக்கும் விளையாட்டு) வையுங்கள். 24, 42, 35, 53 மாதிரி இரட்டைகளாகவே எண்களைக் கொடுங்கள். 24ஐ ஜெர்மனில் ‘நான்கும் இருபதும்’ என்றுதான் சொல்வார்கள். பாதி கேட்டதுமே பேனாவை எடுப்பவர் 42ஐ அடித்துவிடுவார். முழு எண்ணும் காதில் விழும்வரை பேனா மேசையில் இருக்கட்டும்.