தண்டர்பேர்ட் மெயிலுக்கு மாற்றுக் கணினி வைப்பது எப்படி?

சென்னை வேளச்சேரி அலுவலகத்தில், தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் வழியாக, மெயிலெல்லாம் பாப் முறையில் (சர்வரிலிருந்து கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறை) ஒரே கணினியில் இறங்கியிருக்கிறது, அது படுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய லேப்டாப்பே போதும்.

தண்டர்பேர்டின் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் பக்கத்தைத் திறந்தால் மெயில்களும் அமைப்புகளும் சேமிக்கப்பட்டிருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டர் இருக்கும் இடம் தெரியும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை முழுதாக நகலெடுங்கள். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: இன்பாக்ஸ் வழக்கமாக ஒரே கோப்பாகத்தான் இருக்கும். அது 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 என்ற வகையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஏறாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், லேப்டாப்பில் உள்ள தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் மேனேஜரில் (ப்ரொஃபைல்களை உருவாக்கித் தேர்ந்தெடுக்கும் இடம்) புது ப்ரொஃபைல் உருவாக்கி இந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். அங்கே உள்ள தண்டர்பேர்ட் பழைய பதிப்பாக இருந்தால் திறக்க மறுக்கும். முதல்முறை இணையத்தைத் துண்டித்துவிட்டே திறங்கள். தானாக மெயில் பார்ப்பதை நிறுத்தி, சர்வரிலேயே பிரதியை விட்டுவைக்கும் அமைப்பை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் புது மெயில் பாதி இங்கே, பாதி அங்கே என்று சிதறிவிடும்.

சேமித்த பாஸ்வேர்டுகளும் கூடவே வந்துவிடும், அதனால் லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு பூட்டு அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர், அதைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஃபோல்டரைப் புதுப்பித்தால் சரி.