எட்டுக் கெஜத் துணி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் ஸ்காட்லாந்தில், அபர்டீனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் மேலதிகாரி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார், ஊருக்கு வெளியே ஒரு ஹோட்டலில் விருந்து. அழைப்பில் ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று போட்டிருக்கிறது. கூட வேலை செய்யும் நண்பர், ‘நீயும் கில்ட் கட்டிக்கொண்டு வா, அவர் சந்தோஷப்படுவார்’ என்கிறார். இங்கே ஆண்கள் இடுப்பில் கட்டுகிற கட்டம் போட்ட கம்பளித் துணி அது. எனக்கும் ஆசைதான். ஆனால் என் மனைவி, ‘பாவாடை கட்டிக்கொண்டு மாறுவேடப் போட்டிக்கா போகிறீர்கள்’ என்று சிரிக்கிறாள். நானும் யோசிக்கிறேன், இந்தப் பாவாடையோடு போய் நின்றால் அங்கேயும் சிரிப்பார்களோ? வெளியூர்க்காரன் உடுத்தலாமா? எந்தக் குலத்து டார்ட்டனை, அதாவது எந்தக் கட்டத் துணியை எடுப்பது? வாடகைக் கடையில் கோட்டு, போ டை, காலுறையில் செருகும் கத்தி எல்லாம் சேர்த்து ஒரு செட்டாகத் தருகிறார்கள். அப்படியே எடுத்துவிடட்டுமா? கில்ட் பழைய உடையே இல்லை, ஓர் ஆங்கிலேயர் கண்டுபிடித்ததுதான் என்றும் படித்தேன். அது உண்மையா? உள்ளே என்ன போடுவது என்று இங்கே யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள். வாடகைத் துணி என்றால் கட்டாயம். அதில் பேச வேறொன்றும் இல்லை.

பாவாடைக்கு வருகிறேன். முதல் தடவை அதைச் சொன்னது உங்கள் மனைவி. இரண்டாம் தடவை எழுதியது நீங்கள். ஆறு வருஷம் ஓர் ஊரின் சோற்றைத் தின்றவர், அந்த ஊர் மனிதர்கள் உடுத்துவதைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்துகொண்டீர்களா? கலோடன் போரில் ஹைலண்ட் என்கிற வடக்கு மலைப்பகுதிக் குலங்கள் தோற்ற 1746ஆம் வருஷமே லண்டன் பார்லிமென்ட் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தில் எந்த ஆணும், எந்தப் பையனும் கில்ட்டோ, பிளேட் (plaid) என்று தோளில் போடும் துணியோ உடுத்தக் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் சிறை, ஜாமீன் கிடையாது. மறுபடி பிடிபட்டால் 7 வருஷம் கடல் கடந்து நாடுகடத்தல். இந்தத் துணிக்காகத்தான் இவ்வளவும். 1782இல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். 36 வருஷம். சட்டம் வந்த வருஷம் பிறந்த குழந்தை, தன் அப்பா உடுத்தியதைத் தானும் பயமில்லாமல் உடுத்த நடுவயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு வழி இருந்தது. பட்டாளத்தில் சேர்ந்தால் சட்டம் தடுக்காது. அப்படி ஹைலண்டில் ஆள் திரட்டிய படைகளில் ஒன்று, 73ஆம் படை, 1780இல் சென்னையில் வந்து இறங்கியது. அந்த செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார்களே, அதில் இவர்களும் இருந்தார்கள். அந்தப் படையின் கேப்டன் டேவிட் பேர்ட் பிடிபட்டு மூன்றரை வருஷத்துக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்தார். தன் ஊரில் உடுத்தினால் குற்றம், அடுத்தவன் ஊரைப் பிடிக்கப் போனால் சீருடை. இதைப் படித்த நாளிலிருந்து அந்தத் துணியைப் பார்த்து யார் சிரித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் வந்ததும் அதே கோபம்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆங்கிலேயர் கண்டுபிடித்த கதையில் எனக்கு ஆர்வம் இல்லை. லங்காஷயர்காரர் தாமஸ் ராலின்சன் 1720களில் க்ளென்கேரி பக்கம் இரும்பு உலை நடத்தினார், வேலையாட்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நீளத் துணியின் மேல்பாதியை வெட்டி எடுத்தார் என்பார்கள். அதற்கு முன்பே அப்படி உடுத்தினார்கள் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. யார் வெட்டினால் என்ன? நீளத் துணியைக் கொசுவி, இடுப்பில் பெல்ட்டால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மழையிலும் மலையிலும் நடந்தவர்களின் துணி அது. நடுவில் ஒருவர் கத்தரி வைத்ததால் அவருடையதாகிவிடாது.

உங்கள் கடிதத்தில் ‘செட்’ என்று ஒரு சொல் இருந்தது. அதற்காகத்தான் இந்தப் பதிலே எழுதுகிறேன்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் எடின்பரோவில் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மா கில்ட் தைப்பார். மாடியில் ஹீட்டர் சரியாக வேலை செய்யாது, அதனால் சாயங்காலமானால் அவருடைய தையல் மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுவேன். 8 கெஜம் கம்பளித் துணி. கடையில் தொங்குகிற கில்ட்டைப் பார்க்கிறவர்களுக்கு அந்த 8 கெஜம் எங்கே போனது என்றே தெரியாது. பெரும்பகுதி பின்னால், 25, 30 மடிப்புக்குள் போய்விடும். மடித்த பிறகும் முதுகுப்பக்கத்துக் கட்டம், மடிக்காத துணியின் கட்டம் போலவே தொடர வேண்டும். அதற்காக அவர் ஒவ்வொரு மடிப்புக்கும் கோடு எண்ணுவார். சிவப்பு, பச்சை, மெல்லிய வெள்ளை என்று உதடு அசையும். இடுப்பில் மடிப்பு குறுகி, தொடைக்கு வரும்போது அகல வேண்டும், ஆனால் கோடு வளையக் கூடாது. கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பதே இல்லை. தறியில் வந்த கரைதான் ஓரம். அதனால் உயரத்தைத் தைக்கும் முன்பே சரியாக அளந்தாக வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

ஒருநாள் ராத்திரி, பாதிக்கு மேல் தைத்து முடித்ததை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். ஒரு வெள்ளைக் கோடு ஒரே ஒரு நூல் அளவு விலகியிருந்தது. கத்தரியை எடுத்துப் பதினொரு மடிப்பைப் பிரித்தார். பெருமூச்சு இல்லை, அலுப்பு இல்லை. டீ குடித்துவிட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தார். பிறகு ஈரத் துணியைப் போட்டு இஸ்திரி வைக்கும்போது கிளம்புகிற அந்தக் கம்பளி வாசனை இப்போதும் நினைத்தால் மூக்குக்கு வருகிறது.

அவர் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். பூர்வீகம் வடக்கே சதர்லாந்தில், ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு. அவரிடம் ஒரே ஒரு கில்ட். மனைவி தைத்தது, வயிறு பெருத்தபோது பட்டைகளை இரண்டு முறை தள்ளி வைத்துத் தைத்தது. மேலே முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர், காலில் மழைக்குப் போடுகிற பூட்ஸ். அப்படியே பால் வாங்கப் போவார், லைப்ரரிக்குப் போவார். ஒருநாள் அக்கம்பக்கத்தில் யாருக்கோ பிறந்தநாள் விருந்து, என்னையும் அழைத்துப்போனார். அன்றைக்குப் பூட்ஸுக்குப் பதில் பழுப்பு நிற ஷூ, ஸ்வெட்டருக்குப் பதில் ட்வீட் கோட்டு. அவ்வளவுதான் மாற்றம். காலுறையில் செருகுகிற அந்தச் சின்னக் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தார், திரும்ப மேஜை டிராயரில் வைத்தார். ‘இது கல்யாணத்துக்கு’ என்றார்.

நடந்து போகும்போது ஸ்ட்ராத்நேவர் கதையைச் சொன்னார். 1814இலும் 1819இலும் அங்கே குடியிருந்த ஜனங்களைக் கிளப்பிவிட்டு, வீடுகளின் கூரையைக் கொளுத்தி, நிலத்தை ஆட்டுப் பண்ணைக்குக் கொடுத்தார்கள். கொஞ்ச வருஷம் கழித்து, 1822 ஆகஸ்டில், நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாட்டில் நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் டார்ட்டனில் வந்து நின்றார்கள். மன்னரும் டார்ட்டனில். தினசரி உடுத்திய ஜனத்தை நிலத்தைவிட்டு விரட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் அவர்களுடைய துணி தர்பார் உடை ஆனது. தையல்காரர்களுக்கு ஆர்டர் குவிந்தது. உடையாக இருந்ததை வேஷமாக்கியது அந்த ஆகஸ்ட் மாதம் என்றுதான் சொல்வேன். இதை யார் மறுத்தாலும் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. வெள்ளிப் பட்டன் கோட்டும், போ டையும், ரோமம் வைத்த பையும், கத்தியுமாக வாடகைக் கடைக்காரர் கட்டிக் கொடுக்கிற ‘செட்’ அந்த வம்சத்தில் வந்தது. கல்யாணத்துக்கும் ராத்திரிப் பெருவிருந்துக்கும் அது சரி, அழகாகவும் இருக்கும். ஸ்மார்ட் கேஷுவலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால் உங்கள் மனைவி சொன்ன மாறுவேடம்தான்.

அதனால்தான் போங்கள் என்கிறேன். கேஷுவல் என்று எழுதியிருப்பதாலேயே கட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தபால்காரர் பால் வாங்கப் போனதுபோல, அதைவிட ஒரு படி நன்றாக. கடையில் கில்ட்டை மட்டும் கேளுங்கள். செட்டாகத்தான் தருவோம் என்றால் வேறு கடை பாருங்கள், அல்லது அந்த நண்பரிடம் கடன் கேளுங்கள். சுற்றுலாக் கடைகளில் தொங்குகிற அக்ரிலிக் துணி வேண்டாம். மெல்லிசாக இருக்கும், மடிப்பு நிற்காது, காற்றடித்தால் பறக்கும். நல்ல கம்பளியின் கனம் இடுப்பிலேயே தெரியும். மேலே ஒரே நிறத்தில் சட்டை, அதன் மேல் ட்வீட் கோட்டு அல்லது கெட்டியான ஸ்வெட்டர். டை இஷ்டம். அடர்ந்த நிறத்தில் கம்பளிக் காலுறை, பழுப்பு ஷூ, முன்னால் ஸ்போரன் என்கிற பை, சாதாரணத் தோலில். கத்தி வேண்டாம்.

குலம் பற்றிக் கவலைப்படாதீர்கள். பிளாக் வாட்ச் என்கிற டார்ட்டனை யாரும் உடுத்தலாம். நீங்கள் இருக்கிற அபர்டீனுக்கே ஊர் டார்ட்டன் ஒன்று இருக்கிறது. ஆறு வருஷம் அங்கே வரி கட்டியிருக்கிறீர்கள், அது உங்களுக்கும் ஊர்தானே? அரச குடும்பத்துக்கென்று வைத்திருக்கும் பால்மோரல் டார்ட்டனை மட்டும் தொடாதீர்கள்.

அப்புறம், ஜீன்ஸ் மாதிரி இடுப்பெலும்பில் தொங்கவிடக் கூடாது. இடுப்புப் பட்டை தொப்புள் உயரத்துக்கு வர வேண்டும், கீழ்க்கரை முழங்கால் சில்லின் நடுவுக்கு. மடிப்பு பின்னால், தட்டையான பக்கம் முன்னால். முன்னால் இரண்டு மடல் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். பின்னூசி குத்தினால் மேல் மடலில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். உட்காரும் முன் இரண்டு கையாலும் பின்னால் மடிப்பை மேலிருந்து கீழே நீவிவிட்டு உட்காருங்கள். அந்த அம்மா நாற்காலியைப் போட்டு, நான் சரியாகச் செய்யும்வரை நாலைந்து தடவை உட்கார்ந்து எழுந்து காட்டினார். புடவை கட்டிய என்னிடம் இதை ஏன் காட்டுகிறார் என்று அப்போது நான் கேட்கவில்லை. உங்கள் மனைவியிடம் காட்டுங்கள்.