காய்கறி சாப்பிடவும் தினமும் நடக்கவும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் எப்படி ஊக்கப்படுத்துவது?

"இரண்டு குழந்தைகள், இருவரும் வேலைக்குப் போகிறோம். காய், பழம் சாப்பிடுங்கள் என்றாலும் நடக்கப் போங்கள் என்றாலும் சண்டையில்தான் முடிகிறது, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்தச் சண்டை இரண்டு வருடம் ஓடியது. அது எப்படி நின்றது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மதுரையில் தெப்பக்குளம் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு ஒரு வாகன உதிரிபாகக் கடையில் கணக்கு வேலை, நாள் முழுக்க நாற்காலி. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மருத்துவ முகாமில் இருவருமே ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். அவருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2 வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் நோய் என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான்.

இதில் நாங்கள் தனி ஆட்கள் இல்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னொரு 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். ரத்தசோகை 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. அதாவது உங்கள் தெருவில் பல வீடுகளில் இதே ஜோடிதான்: அவருக்குச் சர்க்கரை, அவளுக்கு ரத்தமில்லை.

முடிவு கையில் வந்ததும் நான் செய்தது, சொல்லிக்கொண்டே இருந்தது. காலையில், சாப்பிடும்போது, படுக்கும்போது. என் மாமனார் சர்க்கரையால் கால் விரலை இழந்தவர். அதையும் இழுத்துப் பேசுவேன். பயமுறுத்தினால் திருந்துவார் என்று உண்மையாகவே நம்பினேன். உச்சமாக, ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் அவர் இரண்டாவது ஜாங்கிரிக்கு இலையைக் காட்டியபோது, அவருடைய மச்சான்கள் முன்னாலேயே, "ஏற்கெனவே சுகர் ஏறிக்கிட்டு இருக்கு, இதுல ரெண்டாவது வேறயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ரசம் வருவதற்கு முன்பே இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு சொன்னார்: "நீ சொன்னது சரிதான். சொன்ன இடம் சரியில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கும்தான் ரத்தம் இல்லைன்னாங்க. நீ என்ன பண்ற?" என்றார்.

"எனக்கு எங்கங்க நேரம் இருக்கு? அஞ்சு மணிக்கு எந்திரிச்சா எட்டு மணிக்கு வேன் வர்ற வரைக்கும் அடுப்படிதான்."

இந்த இடத்தில் வழக்கமாகச் சண்டை பெரிதாகும். அன்று அவர் கேட்டார்: "எந்த வேலைய நான் எடுத்துக்கிட்டா உனக்கு அரை மணி நேரம் கிடைக்கும்?"

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்த ஒரு வாக்கியம்தான். அதற்கு முன் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. நடக்கச் சொன்னவர்கள் ஏராளம். நான் நடக்கும்போது அடுப்பை யார் பார்ப்பது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மறுநாளிலிருந்து தோசை ஊற்றுவது, டிபன் பாக்ஸ் கட்டுவது, மகளுக்குத் தலை பின்னுவது மூன்றும் அவர் கைக்குப் போனது. நான் 5.45-க்குக் கிளம்பி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றினேன். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம். நான்கு பக்கமும் ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மேலே வரும். முதல் நாள் ஒரே சுற்று, அதற்கே மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்தால் சட்னியில் உப்பு இல்லை. கேட்கவில்லை, சாப்பிட்டேன். மகளின் பின்னல் ஒரு பக்கம் தொங்கியது. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் நமக்காக ஒரு வேலையை எடுத்துக்கொண்ட பிறகு அதில் குறை கண்டுபிடித்தால், அடுத்த வாரமே அந்த வேலை நம் கைக்குத் திரும்பி வந்துவிடும். பின்னல் சரியாக வர ஒரு மாதம் ஆனது.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "ஆம்பளப் பிள்ளைய அடுப்படியில நிக்க விட்டுட்டு இவ காத்தாட நடக்கப் போறாளா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்தான் உள்ளேயிருந்து, "அம்மா, அவளுக்கு ரத்தம் இல்ல. அவ நல்லா இருந்தாத்தான வீடு ஓடும்?" என்றார். அத்தை அதற்குமேல் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, முருங்கைக்கீரை ஆய முடியாமல் நான் அலுத்துக்கொண்டபோது, "கொத்த ஈரமில்லாம துணியில இறுக்கிச் சுத்தி ராத்திரி வச்சிரு, காலையில உதறுனா இலையெல்லாம் தானா உதிர்ந்துரும்" என்று சொல்லிக்கொடுத்தார். செய்து பாருங்கள், அப்படியே உதிர்கிறது. இப்போது எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை முருங்கைக்கீரை இருக்கிறது என்றால் அது அத்தையால்தான்.

"வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். தரை துடைப்பதும் துணி அலசுவதும் உடல் உழைப்புதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஒரு நிமிடம்கூட நமக்கென்று இல்லை. தெப்பக்குளத்தைச் சுற்றும் அந்த 40 நிமிடத்தில் யாரும் என்னை "அம்மா" என்று கூப்பிடுவதில்லை, "டீச்சர்" என்று கூப்பிடுவதில்லை. இரவு தூக்கம் நன்றாக வந்தது அதற்குப் பிறகுதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. பிள்ளைகளுக்கோ தினமும் 60 நிமிடம். மிதம் என்றால், நடந்துகொண்டே பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் கணக்கு.

சரி, அவர் பக்கம். அதே கேள்வியை நான் திருப்பிக் கேட்டேன்: "உங்களுக்கு எந்த நேரம் கஷ்டமா இருக்கு?" சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டால் வீடு திரும்ப ஒன்பது. ஆறு மணிக்குப் பசி வந்ததும் டீயும் இரண்டு பஜ்ஜியும். வீட்டுக்கு வரும்போது மறுபடியும் கொலைப்பசி, தட்டில் முதலில் இருப்பது சோறு. "காய் வைக்கிறதுக்குள்ள நான் பாதி முடிச்சிருப்பேன்" என்றார். பதினாலு வருடம் பரிமாறியிருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை.

இரண்டே மாற்றம் செய்தோம். ஆறு மணிக்கென்று ஒரு சின்ன டப்பா: ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் கொய்யா, ஒரு நாள் வெள்ளரி, கேரட். இரண்டாவது, தட்டில் முதலில் காய். பொரியல் இரண்டு கரண்டி, கூட்டு ஒரு கரண்டி, அதைச் சாப்பிட்ட பிறகுதான் சோற்றுப் பாத்திரம் மேசைக்கு வரும். சோறு குறையுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை, தானாகக் குறைந்தது. சாப்பிட்டு முடித்ததும் நாலு பேரும் தெருமுனை வரை போய் 15 நிமிடம் நடந்துவிட்டு வருவோம். சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் ஏறுகிற சர்க்கரை தணியும் என்று டாக்டரும் சொன்னார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு நேரம்.

எவ்வளவு காய் சாப்பிடுகிறோம் என்பதிலும் எனக்கு ஒரு தப்புக் கணக்கு இருந்தது. "நாங்க தினமும் காய் சாப்பிடுறோமே" என்றுதான் நானும் சொல்வேன். ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தேன். பொரியலுக்குக் கால் கிலோ பீன்ஸ், சாம்பாரில் இரண்டு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய். நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 100 கிராம்தான் தேறும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி கீரை, 100 கிராம் பழம் என்று இருக்கிறது. உருளைக்கிழங்கு வறுவல் இந்தக் காய்க் கணக்கில் வராது. தராசைப் பார்த்த அன்று மனசு என்னவோ செய்தது. பிள்ளைகளுக்கும் அவ்வளவுதானே கொடுத்துக்கொண்டிருந்தேன்?

400 கிராம் என்றதும் பணத்துக்கு எங்கே போவது என்று தோன்றும். குருவிக்காரன் சாலைப் பாலத்தைத் தாண்டினால் அண்ணா நகர் உழவர் சந்தை. 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலில் தொடங்கிய உழவர் சந்தை அதுதான். விவசாயிகளே உட்கார்ந்து விற்கிறார்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். சுரை, பீர்க்கு, புடலை, பூசணி, கொத்தவரை எல்லாம் சீமைக் காய்களைவிட மலிவு, தண்ணீர்ச்சத்தும் நிறைய. ஞாயிறு காலை அவர் மகனைக் கூட்டிக்கொண்டு போவார். எங்கள் சந்தில் வேனுக்காக நிற்கும் இன்னும் இரண்டு அம்மாக்களிடம் பேசி, இப்போது மூன்று வீட்டுக்கும் சேர்த்து வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம். அந்த இருவரில் ஒருவர் என்னோடு நடக்கவும் வருகிறார். காலை ஆறு மணிக்கு நாய்த் தொல்லை இருக்கும் தெருவில் துணைக்கு ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெண்களுக்குத் தெரியும்.

மகன் விஷயத்தையும் சொல்லவேண்டும். அவர் கத்தரிக்காயைத் தட்டின் விளிம்பில் வரிசையாக ஒதுக்கி வைப்பார், சின்ன வயதுப் பழக்கம். ஒருநாள் மகன் தட்டைப் பார்த்தால், பீன்ஸ் துண்டுகள் அதே மாதிரி, அதே பக்கம், வரிசையாக. "என்னடா இது?" என்றேன். "அப்பா மாதிரி வச்சிருக்கேன்" என்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்து தன் தட்டின் விளிம்பில் இருந்த ஐந்து துண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டார். மகனும் ஒன்றை எடுத்தான். இரண்டாவதைத் தொடவில்லை. அவனிடம் நாங்கள் வற்புறுத்தவும் இல்லை. இப்போது சாப்பிடுகிறான், கொத்தவரங்காய் தவிர.

எல்லா நாளும் ஒழுங்காக நடக்கிறது என்று சொன்னால் பொய். ஐப்பசி மழையில் பத்து நாள் நின்றுபோகும். தைப்பூசத் தெப்பத் திருவிழா சமயத்தில் குளத்தைச் சுற்றி நடக்க இடமே இருக்காது. பள்ளித் தேர்வு வந்தால் எனக்கு விடைத்தாள். அந்த நாட்களில் "ஏன் போகல?" என்று கேட்பதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். "நாளைக்கு நான் என்ன பாத்துக்கணும்?" என்று மட்டும் கேட்பது.

எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அவருக்கு 6.2 என்பது 5.8 ஆகியிருந்தது. எனக்கு 11.4. என்னுடையது கீரையால் மட்டும் வந்ததில்லை, டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிட்டேன். முன்பு அதையும் பாதியில் விட்டிருக்கிறேன். சாப்பாட்டோடு டீ குடிப்பதை விட்டேன், ஏனென்றால் டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேரவைக்கும். கீரை இருக்கும் நாளில் எனக்கு ஒரு நெல்லிக்காயை நறுக்கி வைப்பது மகளின் வேலை. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக, சிறுநீரகக் கோளாறு உள்ளவராக உங்கள் கணவர் இருந்தால், சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிறுநீரகப் பிரச்சினைக்குச் சில காய், பழங்களை அளவாகத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

இதை எழுதும்போது அவர் அடுப்படியில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருக்கிறார். வில்லை வில்லையாக வெட்டி, ஒவ்வொரு வில்லைக்கும் வரும் நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போடவேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. அவர் விரலில் நார் மோதிரம் மாதிரி ஏறிக்கொண்டே போகிறது, மகன் பக்கத்தில் நின்று எண்ணுகிறான். இப்போதைக்குப் பதினேழு சுற்று.