கிட் ஒப்பீட்டில் இடப்பக்கக் கோப்பு காணாமல் போவது ஏன்?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றுக்கு நாலு பேர் சேர்ந்து வேலை செய்கிறோம். கோப்புகளின் பதிப்புகளைப் பதிந்துவைக்கும் கிட்டில் மாற்றங்களைப் பார்க்க, விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எழுதியை அமைத்தோம். திறக்கிறது, ஆனால் இடப்பக்கக் கோப்பு இல்லை என்கிறது. சில தமிழ்ச் சொற்கள் இருபுறமும் ஒரே மாதிரி இருந்தும் மாற்றம் என்று காட்டுகிறது. என்ன பிழை?"

முதற் கோளாறு ஒரு சொல் விடுபட்டதால் வருவது. பதிப்புகளை வெளி மென்பொருளில் ஒப்பிடும் டிஃப்டூல் கட்டளை ஓடும்போது, பழைய பதிப்பைக் கிட் ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதி, அதன் பாதையை லோக்கல் என்றும், நீங்கள் திருத்தும் கோப்பின் பாதையை ரிமோட் என்றும் கொடுக்கிறது. ஒப்பீட்டு மென்பொருள் முடிந்ததும் கிட் தற்காலிகக் கோப்பை அழித்துவிடும். விஷுவல் ஸ்டூடியோ கோடைத் திறக்கும் கோட் கட்டளையோ, ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரத்திடம் வேலையைக் கொடுத்துவிட்டு அந்தக் கணமே முடிந்துவிடுகிறது. கிட் அழிக்கிறது, சாளரம் தேடுகிறது, கோப்பு இல்லை. வெயிட் என்ற தெரிவைச் சேர்த்தால், தாவலை நீங்கள் மூடும்வரை கிட் காத்திருக்கும். மூடியதும் அடுத்த கோப்பு வரும்.

கிட் கொன்பிக் --குளோபல் --எடிட் என்று கொடுத்து, திறக்கும் அமைப்புக் கோப்பில் கீழுள்ளதை ஆங்கில எழுத்தில் சேருங்கள். லோக்கல், ரிமோட் இரண்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும்.

[டிஃப்]
  டூல் = விஎஸ்கோட்
[டிஃப்டூல்]
  ப்ரொம்ப்ட் = ஃபால்ஸ்
[டிஃப்டூல் "விஎஸ்கோட்"]
  சிஎம்டி = கோட் --வெயிட் --டிஃப் \"$லோக்கல்\" \"$ரிமோட்\"

மேற்கோள் குறிகளை விடவேண்டாம். கோப்புறைப் பெயரில் இடைவெளி இருந்தால் பாதை இரண்டாக உடைந்துவிடும். இதே அமைப்பைக் கிட் பாஷ் என்ற கட்டளைச் சாளரத்தில் ஒரு வரிக் கட்டளையாக, இரட்டை மேற்கோளுக்குள் கொடுப்பவர்கள் பலர். அப்போது டொலர் குறியுள்ள பெயர்களை, கட்டளைகளை வாசிக்கும் ஷெல் உடனேயே விரித்து வெறுமையாக்கிவிடும். ஆகவே கோப்பைத் திறந்து எழுதுவதே நல்லது. முழுப் பாதை கொடுக்க நேர்ந்தால் விண்டோஸிலும் முன்சாய்வுக் கோடே போடுங்கள்.

பிறகு கிட் டிஃப்டூல் என்று ஓட்டுங்கள். வெறும் கிட் டிஃப் இந்த அமைப்பைக் கவனிக்காது. ஸ்டேஜ் செய்தவற்றை, அதாவது அடுத்துப் பதிய எடுத்துவைத்தவற்றைப் பார்க்க --கேச்ட் சேர்க்கவேண்டும். வலப்பக்கம் உங்கள் அசல் கோப்பு. அங்கே திருத்திச் சேமித்தால் அது உண்மையாகவே மாறும். ஸ்டேஜ் செய்தவற்றையோ, கமிட் எனப்படும் பதிந்த பழைய பதிப்புகள் இரண்டையோ ஒப்பிடும்போது அப்படியல்ல, அப்போது இருபுறமும் தற்காலிகப் பிரதியாக இருக்கலாம்.

இனித் தமிழ்ச் சொற்கள். இதில் மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது. "கொடி" என்ற சொல்லில் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே. யுனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் முதலாவது 12 பைட், இரண்டாவது 15 பைட். சொல்லை மட்டும், வரிமுடிவு இல்லாமல், ஒரு கோப்பில் சேமித்து அளவைப் பார்த்தால் தெரியும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி விசை. பழைய கட்டுரைகளை மாற்றிய கருவி அவற்றைச் சேர்க்காமல் விட்டிருந்தால் இப்படித்தான் வரும்.

பைதன் நிரல்மொழியின் யுனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நோர்மலைஸ், இவற்றை ஒரே குறியீடாகச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும். அதைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள். நிரல் திருத்தங்களுடன் கலந்தால், நூற்றுக்கணக்கான போலி மாற்றங்களுக்கு நடுவே உண்மையான மாற்றத்தை உங்கள் நாலு பேரில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.