அமெரிக்க அதிபர் வேட்பாளருக்கான கட்சிப் போட்டியில் சிறுபான்மை இனத்தவர் ஜெயிக்க வாய்ப்பு உண்டா? ஒபாமா வெறும் விதிவிலக்குதானா?

"கமலா ஹாரிஸ் 2019-ல் கழன்றுகொண்டார், 2024-ல் விவேக் ராமசாமி முதல் மாநிலமான அயோவாவோடு சரி, நிக்கி ஹேலி மார்ச்சோடு சரி. ஒபாமா ஒருவர்தான் விதிவிலக்கு, இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒபாமா விதிவிலக்கு இல்லை. விதியைப் படித்தவர்.

உங்களுக்கு நியூஜெர்சியிலோ டல்லாஸிலோ ஒரு சித்தப்பா இருப்பார், "தேசியக் கருத்துக்கணிப்பில் நம்மாளு மூன்றாவது இடம்" என்று வாட்ஸாப்பில் அனுப்பியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அந்தக் கணிப்பை மறந்துவிடுங்கள். பிரைமரி, அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி நடத்தும் ஓட்டு, நாடு முழுக்க ஒரே நாளில் நடப்பதில்லை. ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை மாநிலம் மாநிலமாக நடக்கிறது. ஜெயிக்க வேண்டியது ஓட்டை அல்ல, டெலிகேட்டுகளை. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கை தூக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். எந்த ஓட்டு எத்தனை டெலிகேட்டாக மாறும் என்பது கட்சிக்குக் கட்சி, மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

"அப்படியானால் இனவெறி இல்லை என்கிறாயா?" என்று கீழே ஒருவர் கேட்பார். அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இனவெறி என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு, 90% வெள்ளையர் வாழும் அயோவாவில் ஒபாமா ஜெயித்ததையும் விளக்க முடியாது, ஹாரிஸ் அயோவா வரைக்கும்கூடப் போய்ச் சேராததையும் விளக்க முடியாது.

முதலில் ஜனநாயகக் கட்சியின் கணக்கு. இங்கே எல்லா மாநிலமும் விகிதாசாரம்தான், ஆனால் 15% என்று ஒரு கட்டு உண்டு. மாநில அளவில் 15% எடுக்காதவருக்கு மாநில டெலிகேட் கிடையாது. தொகுதியில் 15% எடுக்காதவருக்குத் தொகுதி டெலிகேட் கிடையாது. 14% எடுத்து இரண்டாவதாக வந்தாலும் கை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அயோவாவில் ஜனநாயகக் கட்சி காகஸ் (வாக்குச்சீட்டுக்குப் பதில் ஊர்க்கூட்டம் போட்டு ஆதரவைக் காட்டும் முறை) நடந்த காலத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் 120 பேர் கூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். 15% என்றால் 18 தலை. உங்கள் ஆளின் மூலையில் 17 பேர் என்றால் அந்த மூலை செல்லாது. ஒன்று, பக்கத்து மூலையிலிருந்து ஒருவரை இழுத்து வர வேண்டும். இல்லாவிட்டால் 17 பேரும் வேறு மூலைக்குப் போக வேண்டும். சின்னப் பூத்துகளில் கட்டு இன்னும் கடுமை: 2 டெலிகேட் மட்டும் உள்ள பூத்தில் 25% வேண்டியிருந்தது. அதனால் அங்கே வேலை செய்தவர்கள் "உங்கள் முதல் விருப்பம் யார்" என்பதோடு நிற்க மாட்டார்கள், "அவர் இல்லையென்றால் யார்" என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். தேசியக் கருத்துக்கணிப்பில் பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியே இருக்காது.

அடுத்தது ஒற்றைப்படை, இரட்டைப்படைத் தொகுதிகள். சித்தப்பாவுக்கு இதைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். இரண்டு பேர் போட்டி. 4 டெலிகேட் உள்ள தொகுதியில் ஒருவருக்கு 60%, மற்றவருக்கு 40%. நாலில் 60% என்றால் 2.4, 40% என்றால் 1.6. முழு எண்ணைக் கொடுத்தால் 2, 1. மிச்சம் ஒரு இடம், பின்னம் யாருக்குப் பெரியதோ அவருக்கு. 0.4-ஐ விட 0.6 பெரிது. ஆக 2-2! இருபது சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தும் ஒரு டெலிகேட்கூட முன்னிலை இல்லை. அங்கே 3-1 வேண்டுமென்றால் 62.5% தாண்ட வேண்டும். அதுவே 3 டெலிகேட் உள்ள தொகுதியானால் 51-49 போதும், 2-1 வந்துவிடும். 5 உள்ள இடத்தில் ஒரு ஓட்டு கூட இருந்தாலே 3-2. 6 உள்ள இடத்தில் 4-2-க்கு 58.3% தாண்ட வேண்டும். எனவே பணமும் ஆளும் குறைவாக உள்ள வேட்பாளர், எந்த 4 டெலிகேட் தொகுதியில் தனக்கு 40% உறுதி என்று பார்த்து அங்கே செலவை நிறுத்திவிட்டு, ஒற்றைப்படைத் தொகுதிகளுக்கு ஆளை அனுப்ப வேண்டும்.

மூன்றாவது விஷயம், ஒவ்வொரு தொகுதிக்கும் எத்தனை டெலிகேட் என்பது. முந்தைய தேர்தல்களில் அங்கே ஜனநாயகக் கட்சி எவ்வளவு ஓட்டு வாங்கியது என்பதும் அதில் சேரும். கறுப்பின வாக்காளர்கள் அக்கட்சிக்கு அள்ளிப் போடுகிறவர்கள் என்பதால், அவர்கள் அடர்த்தியாக வாழும் தொகுதிகளுக்குப் பங்கு கூடுதல். 2008-ல் பென்சில்வேனியாவில் பிலடெல்ஃபியாவின் 2-ஆம் தொகுதிக்கு 9 டெலிகேட். கிராமப்புறமான 9-ஆம் தொகுதிக்கு 3. மாநிலத்தில் ஒபாமாவின் போட்டியாளர் ஹிலாரி கிளின்டன் ஏறக்குறைய 9 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். டெலிகேட் கணக்கு 85-73. அவ்வளவு பாடுபட்டு 12 டெலிகேட் முன்னிலை.

அதே 12 முன்னிலை ஒபாமாவுக்குச் சின்ன மாநிலமான ஐடஹோவிலேயே கிடைத்திருந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 5, பல மாநிலங்களில் ஒரே நாளில் ஓட்டு நடக்கும் சூப்பர் செவ்வாய். நியூஜெர்சியில் பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது, ஹிலாரி ஜெயித்தார்: 59-48, முன்னிலை 11. ஐடஹோ காகஸுக்கு வந்தவர்கள் இருபதாயிரம் சொச்சம். ஒபாமா அங்கே முன்கூட்டியே அலுவலகம் போட்டு 80% எடுத்தார்: 15-3, முன்னிலை 12. நியூஜெர்சியின் விளம்பரச் செலவில் சின்னத் துண்டு ஐடஹோவுக்குப் போதும். நெவாடா காகஸில் ஹிலாரி 51-45 என்று ஜெயித்தார். தேசிய டெலிகேட் ஒபாமாவுக்கு 13, அவருக்கு 12. லாஸ் வேகாஸில் அள்ளியது அங்கேயே தேங்கிவிட்டது. மாநிலத்தின் மற்ற பகுதிகள் ஒபாமாவுக்குக் கைகொடுத்தன. டெக்சாஸில் பகலில் பிரைமரி, இரவில் காகஸ். பிரைமரியில் ஹிலாரி 65-61, காகஸில் ஒபாமா 38-29. கூட்டினால் ஒபாமா 99, ஹிலாரி 94. டிவியில் "டெக்சாஸ் ஹிலாரிக்கு" என்று வந்தது.

இந்த விதிகள் வானத்திலிருந்து விழவில்லை. 1972-ல் கறுப்பினப் பெண் எம்.பி. ஷெர்லி சிஸ்ஹோம் போட்டியிட்டு மாநாட்டில் 152 ஓட்டு பெற்றார், அது முதல் கதவு. கதவைப் பெயர்த்தவர் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன். 1984-ல் அவருக்கு விழுந்தது சுமார் 18% ஓட்டு. மாநாட்டில் 3,933 பேரில் அவருக்குக் கை தூக்கியவர்கள் 465½ (ஆமாம், அரை ஓட்டும் உண்டு), அதாவது 12%-கூட இல்லை. அப்போது கட்டு 20%. போதாததற்கு, முதல் இடம் பிடித்தவரே தொகுதியை அள்ளிப்போகும் மாநிலங்களும் இருந்தன. அவர் சண்டை போட்டுக் கட்டை 15% ஆக்கினார். 1988-ல் கிட்டத்தட்ட 70 லட்சம் ஓட்டு, மிச்சிகன் காகஸில் வெற்றி, 1,200-க்கு மேல் டெலிகேட். டுகாகிஸிடம் தோற்றார். ஆனால் தோற்ற கையோடு, 1992 முதல் எல்லா மாநிலமும் விகிதாசாரமாகப் பிரிக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இருபது வருடம் கழித்து அந்த எழுத்து ஒபாமாவுக்குச் சோறு போட்டது. அந்தப் பேச்சுவார்த்தையில் ஜாக்சன் தரப்பில் உட்கார்ந்த ஹெரால்ட் இக்கீஸ், 2008-ல் ஹிலாரியின் பக்கம் டெலிகேட் கணக்குப் பார்த்தார் என்பது தனிக் கூத்து.

ஹாரிஸுக்கு வருவோம். "சொந்த இனத்தவர் ஓட்டு எப்படியும் விழும்" என்று எல்லாரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்படி விழாது. 2007-ல் பல கருத்துக்கணிப்புகளில் கறுப்பின வாக்காளர்களில் கூடுதல் பங்கு ஹிலாரி பக்கம்தான் நின்றது. வெள்ளைக்காரர்கள் ஓட்டுப் போடுவார்களா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்ற தயக்கம், அனுபவப்பட்ட ஜனங்கள். ஜனவரி 3, 2008 அன்று ஒபாமா அயோவாவில் 37.6% எடுத்து முதலிடம் வந்தார். ஜனவரி 26, தென் கரோலினா: கறுப்பின ஓட்டில் ஐந்தில் நான்கு பங்கு அவருக்கு, மொத்தத்தில் 55%. வரிசையைக் கவனியுங்கள். முதலில் வெள்ளை மாநிலத்தில் நிரூபணம், பிறகுதான் சொந்த வீட்டு ஆதரவு. 2020-ல் அந்தத் தென் கரோலினா ஓட்டு பைடனிடம் இருந்தது. அந்த மாநிலத்தின் கறுப்பின எம்.பி. கிளைபர்ன் ஆதரவு அறிவித்த மூன்றாம் நாள் நடந்த பிரைமரியில் 48.6%. அதை உடைக்க வேண்டுமென்றால் ஹாரிஸோ இன்னொரு கறுப்பின வேட்பாளரான கோரி புக்கரோ அயோவாவில் ஏதாவது செய்து காட்டியிருக்க வேண்டும். அதுவரை பணம் தாங்கவில்லை.

பணம் ஏன் தாங்கவில்லை? விவாத மேடைக்கு நுழைவுக் கட்டணம் மாதிரி ஒன்று இருந்தது. 2019 ஜூனில் முதல் விவாதத்துக்கு 65,000 பேரிடம் நன்கொடை வாங்கியிருந்தால் போதும், செப்டம்பரில் 1,30,000 பேரோடு நான்கு கருத்துக்கணிப்புகளில் 2%, டிசம்பரில் 2,00,000 பேரோடு நான்கு கருத்துக்கணிப்புகளில் 4%. ஒரு டாலர் கொடுக்கும் புது ஆளைப் பிடிக்க இணைய விளம்பரத்துக்கு அதைவிடப் பல மடங்கு செலவாகும். அந்த டாலர் அயோவாவில் ஆள் வைக்கப் போயிருக்க வேண்டிய டாலர். ஹாரிஸ் டிசம்பர் மேடைக்குத் தகுதி பெற்ற பிறகுதான் விலகினார், டிசம்பர் 3 அன்று. காரணம் கையில் காசில்லை என்று அவரே சொன்னார். விளைவு, அந்த மேடையில் வெள்ளையர் அல்லாதவர் ஆண்ட்ரூ யாங் ஒருவர் மட்டும். லத்தீன் வம்சாவளி ஜூலியன் காஸ்ட்ரோவும் புக்கரும் ஜனவரியில் போனார்கள்.

இங்கே ஒரு புலம்பல், மன்னிக்கவும். நம்மூர் சேனல்கள் ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துப் பேனரையும் கோயில் அபிஷேகத்தையும் மணிக்கணக்கில் காட்டின. இந்த நன்கொடைக் கட்டை ஒரு வரி சொல்லவில்லை. மாநில வரைபடத்துக்கு வண்ணம் அடித்து "இன்னார் முன்னிலை" என்று போட்டால் செய்தி முடிந்தது. சொந்த ஊர் உள்ளாட்சித் தேர்தலில் வார்டு எல்லையை மாற்றுவதும், எந்த வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்பதும்தான் பாதி முடிவைத் தீர்மானிக்கிறது. அதையும் இவர்கள் விளக்கியதில்லை. சரி, விடுங்கள்.

குடியரசுக் கட்சியில் கணக்கே வேறு. மார்ச் 15-க்கு முன் நடக்கும் மாநிலங்கள் பேருக்கு விகிதாசாரம்; ஆனால் 50% தாண்டியவர் எல்லாவற்றையும் அள்ளலாம் என்று மாநிலக் கட்சி விதி வைத்துக்கொள்ளலாம். 2024-ல் கலிஃபோர்னியா அப்படித்தான், 169-ம் டிரம்புக்கு. தென் கரோலினா போன்ற முதல்வரிசை மாநிலங்களுக்கு அந்த விகிதாசாரக் கட்டாயமும் இல்லை. ஆறு வருடம் ஆளுநராக இருந்த சொந்த மாநிலத்தில் ஹேலி 39.5% எடுத்தார். மாநில அளவிலான 29 இடமும் முதலிடத்துக்கு. ஏழு தொகுதிகளுக்கும் தலா 3, அதுவும் தொகுதியில் முதலிடம் பிடித்தவருக்கே. ஹேலிக்குக் கிடைத்தது ஒரே தொகுதி. 50-ல் 3. இதே ஓட்டை ஜனநாயகக் கட்சி விதியில் போட்டுப் பாருங்கள், 20 பக்கம் வரும். நியூஹாம்ப்ஷயரில் விகிதாசாரம் என்பதால் 43.2%-க்கு 22-ல் 9 கிடைத்தது.

விவேக் ராமசாமிக்கு நேர்மாறு. அவர் வீட்டில் தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் இங்கே ஆர்வம் அதிகம், புரிகிறது. அயோவாவில் 7.7%. அங்கே குடியரசுக் கட்சி காகஸில் கட்டு கிடையாது என்பதால் 40-ல் 3 டெலிகேட் கிடைத்தது. ஜனநாயகக் கட்சியாக இருந்தால் பூஜ்யம். அயோவாவின் 99 கவுண்டிகளையும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சுற்றினார், சொந்தப் பணத்தை இறைத்தார். ஆனால் அவர் தேடிய ஓட்டு முழுக்க டிரம்பின் ஓட்டு. டிரம்பை ஆதரித்துக்கொண்டே டிரம்பின் ஓட்டை எப்படிப் பிரிப்பது? வந்தவர்களில் பாதிக்கு மேல் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள், இவர் இந்து. அதுவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே அயோவாவில் 2016-ல் குரூஸ் 27.6, ரூபியோ 23.1, கார்சன் 9.3. மூன்றையும் கூட்டினால் 60%, மூவரும் சிறுபான்மை இனத்தவர்: முதல் இருவரும் கியூபா வம்சாவளி, கார்சன் கறுப்பினத்தவர். அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

இன்னொரு குழி, வாக்குச்சீட்டில் பெயர் வருவது. நியூஹாம்ப்ஷயரில் 1,000 டாலர் கட்டினால் முடிந்தது. இண்டியானாவில் 4,500 கையெழுத்து, அதிலும் 9 தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் 500. மொத்தம் 8,000 வாங்கினாலும் ஒரு தொகுதியில் 480 என்றால் செல்லாது. முகவரி பழசு, பதிவு வேறு கவுண்டி என்று நிறைய அடிபடும். தேவைக்கு ஒன்றரை மடங்காவது வாங்கி வைப்பது நல்லது. கையெழுத்து வாங்கும் பருவம் அயோவாவுக்கு ஆள் தேவைப்படும் அதே பருவம். 2012-ல் வர்ஜீனியாவில் 10,000 கையெழுத்து கேட்டபோது கிங்ரிச், பெர்ரி போன்ற பெரிய தலைகளே சறுக்கின.

2024-ல் ஹாரிஸ் வேட்பாளர் ஆனது இதில் எந்தக் கணக்கிலும் சேராது. ஜூலை 21-ல் பைடன் விலகினார், அவருக்காகத் தேர்வான டெலிகேட்டுகள் ஆகஸ்டில் இணைய வழியாக ஹாரிஸுக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்த ஆண்டு பிரைமரியில் அவர் வேட்பாளராகவே நிற்கவில்லை. எனவே "2024-ல் ஹாரிஸ் பிரைமரி ஜெயித்தாரே" என்று பின்னூட்டத்தில் எழுதத் தயாராக இருப்பவர்கள், அந்தத் தேதிகளை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.