399 வெள்ளிக்கு 27 அங்குல மானிட்டர்: வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். மாதக் கடைசியில் செக்ரோல் கணக்கை (ஆட்களின் வருகை, சம்பளப் பதிவேடு) வீட்டுக்கும் கொண்டுவந்து செய்வேன். மகள் படிப்பதும் அதே கணினியில்தான். இப்போது இருப்பது 19 அங்குலப் பழைய சதுர மானிட்டர். இணையத்தில் 27 அங்குல அகலத்திரை 399 வெள்ளிக்கு வருகிறது. தெரிந்த கடைக்காரரோ 21.5 அங்குலமே போதும் என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்: இரண்டும் வேண்டாம். 24 அங்குலம் வாங்குங்கள். பெட்டியில் 23.8 என்று போட்டிருக்கும். 1920×1080 புள்ளிகள் (குறுக்கே 1920, மேலிருந்து கீழே 1080), பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரை, இவை இருந்தால் போதும்.

விளம்பரத்தில் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. அதை வைத்துச் சதுரத் திரையையும் அகலத் திரையையும் ஒப்பிட முடியாது. உங்கள் 19 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 11.9 அங்குலம். 21.5 அங்குல அகலத்திரையின் உயரம் 10.5தான். காசு கொடுத்துப் புதிது வாங்கிய பிறகு, எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறதே என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்காருவீர்கள். 23.8 அங்குலத்தில் உயரம் 11.7, பழையதற்குக் கிட்டத்தட்ட சமம்.

அகலத்தால் என்ன லாபம் என்பதை உங்கள் செக்ரோலிலேயே பார்க்கலாம். நாளுக்கு ஒரு கட்டம், மாதத்துக்கு 31 கட்டம். கட்டத்துக்கு 40 புள்ளி வைத்தாலும் 1240 புள்ளி போய்விடும். 19 அங்குலச் சதுரத் திரைகள் பெரும்பாலும் 1280 புள்ளி அகலம்தான். ஆள் பெயருக்கு இடம் எங்கே? 20-ஆம் தேதிக்கு நகர்த்தினால் பெயர் மறைந்துவிடும், யார் வரிசையில் பதிகிறோம் என்று தடுமாற வேண்டும். ஒரு வரி தப்பினால் ஒருவருடைய சம்பளமே தப்பு. 1920-இல் 31 நாளும் போக 680 புள்ளி மீதம். பெயர், எண், மொத்தம் எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடும்.

அந்த விலையில் வரும் 27 அங்குலத் திரைகளிலும் பெரும்பாலும் இதே 1920×1080தான். கூடுதலாக ஒரு வரிகூடத் தெரியாது. அதே புள்ளிகளை ஊதிப் பெரிதாக்கியிருப்பார்கள். 24-இல் அங்குலத்துக்கு சுமார் 92 புள்ளி, 27-இல் 82. கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்தால் ‘ண’வின் சுழிகளில் படிப்படியாக வெட்டுத் தெரியும். பார்வை மங்கி, எல்லாம் பெரிதாகத் தெரிந்தால் போதும் என்பவருக்கு மட்டும் அது சரியான சாமான். 27 அங்குலம்தான் வேண்டுமென்றால் 2560×1440 பாருங்கள். விலை ஏறும். பழைய கணினிகள் பலவற்றின் எச்டிஎம்ஐ (மானிட்டர் கம்பி செருகும் துளை) 1920×1200-க்கு மேல் அனுப்பாது. வாங்கியும் அந்தப் புள்ளிகள் கிடைக்காமல் போகலாம்.

வாங்கும் முன் கணினியின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீல நிற விஜிஏ துளை (பழைய வகை மானிட்டர் இணைப்பு) மட்டும் இருந்தால், விஜிஏ உள்ள மானிட்டராகவே கேளுங்கள். மலிவு ரகங்களில் இன்னும் கிடைக்கிறது. 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 முறை படம் புதுப்பிப்பது), எச்டிஆர் (வெளிச்சம், இருட்டு வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுவது) என்று பெட்டியில் இருப்பதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். கணக்கு வேலைக்கு அவை உதவாது. அந்தக் காசுக்கு உயரம் கூட்டிக் குறைக்கும் தாங்கி கிடைத்தால் விடாதீர்கள். நீங்களும் மகளும் மாறி மாறி உட்காரும் மேசை அது.

முடிந்தால் ஈப்போ கடைகளில் நேரில் வாங்குங்கள். திரை முழுக்க வெள்ளையும் பிறகு கறுப்பும் போட்டுக் காட்டச் சொல்லி, செத்த புள்ளி (நிறம் மாறாமல் நின்றுவிட்ட புள்ளி) இருக்கிறதா என்று பாருங்கள். 3 வருட உத்தரவாதம் மலேசிய விநியோகஸ்தருடையதா, பழுதானால் அனுப்பும் செலவு யாருடையது என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டில் மாட்டியதும் விண்டோஸ் அமைப்பில் 1920×1080 இருக்கிறதா என்று பாருங்கள். பழைய 1280×1024 அப்படியே நின்றால் படம் இழுபட்டு, எழுத்து மங்கும். மத்தியான இடி மழையில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது.